கணுக்கால் இணைப்பு விலகல்: அறுவை மேசையிலேயே எடுத்த கோன் பீம் சி.டி. முடிவை மாற்றிய ஒரு நிகழ்வு

நோயாளியின் சம்மதத்துடன் எழுதுகிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். அறுவையைச் செய்த குழுவில் நானும் ஒருவன் என்பதால், எங்கள் தவறுகளும் இதில் வருகின்றன.

பின்னணி

38 வயது ஆண். கொங்குப் பகுதித் தென்னந்தோப்புகளில் மரமேறித் தேங்காய் இறக்குவது தொழில். இருபது வருடத்தில் ஒருமுறைகூட மரத்திலிருந்து விழுந்ததில்லை. விழுந்தது மொபெட்டிலிருந்து. மாலையில் வீடு திரும்பும்போது, வளைவில் கொட்டிக்கிடந்த எம்-சாண்டில் வண்டி வழுக்கியிருக்கிறது. வலது பாதம் வண்டிக்கும் தரைக்கும் நடுவே சிக்கி வெளிப்பக்கமாக முறுக்கிக்கொண்டது.

அன்றிரவே பக்கத்து ஊரில் எலும்புக் கட்டு போடுபவரிடம் போயிருக்கிறார்கள். எண்ணெய்த் துணி, மூங்கில் பத்தை, இறுக்கமான கட்டு. மூன்றாம் நாள் விரல்கள் மரத்துப்போகவே எங்களிடம் வந்தார். கட்டைப் பிரித்தபோது கணுக்கால் பளபளவென்று வீங்கி, உள்பக்கம் இரண்டு நீர்க்கொப்புளங்கள் எழும்பியிருந்தன. கட்டுப் போட்டவரைக் குறை சொல்வதற்காக இதைக் குறிப்பிடவில்லை. வீக்கத்தால் வந்த தாமதம் பின்னால் ஒரு சிக்கலுக்கு இடம் கொடுத்தது, அதனால் சொல்கிறேன்.

அவர் கேட்டது ஒரே கேள்வி: "ஏனுங்க டாக்டர், மறுபடி தளை மாட்டி ஏற முடியுங்களா?"

தளைக்கயிறு மாட்டி ஏறுபவரின் கணுக்காலைப் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் அந்தக் கேள்வியின் கனம் புரியும். இரண்டு பாதமும் கயிற்று வளையத்துக்குள் இருக்கும். உள்ளங்கால்கள் மரத்தைக் கவ்வும். ஒவ்வொரு எட்டுக்கும் பாதம் மேல்நோக்கி ஆழமாக மடங்கும். கணுக்கால் மூட்டுக்குள் உட்கார்ந்திருக்கும் டேலஸ் எலும்பு பின்புறத்தைவிட முன்புறம் அகலமானது. பாதம் மேலே மடங்கும்போது அந்த அகலமான பகுதி, டிபியாவும் (முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்பு) ஃபிபுலாவும் (அதன் வெளிப்பக்கத்து மெல்லிய எலும்பு) சேர்ந்து அமைக்கும் கவைக்குள் நுழைந்து ஃபிபுலாவை லேசாக வெளியே தள்ளும். ஃபிபுலா தன் இடத்தில் இல்லாவிட்டால், சமதரையில் நடப்பவர் சில வருடம் சமாளித்துவிடலாம். இவருக்கு முதல் மரத்திலேயே தெரிந்துவிடும்.

எங்களுக்கு இன்னொரு பின்னணியும் இருந்தது. இதற்கு ஒன்றரை வருடம் முன்பு இதே வகை முறிவுக்கு அறுவை செய்த ஒருவர், எட்டு மாதம் கழித்தும் வலி என்று திரும்பி வந்தார். அறுவையன்று எடுத்த சி-ஆர்ம் (அறுவை மேசையருகே வைத்துப் பயன்படுத்தும் எக்ஸ்-ரே கருவி) படங்களில் குறை சொல்ல ஒன்றுமில்லை. புதிதாக எடுத்த சி.டி.யில் ஃபிபுலா முன்னால் நகர்ந்த நிலையிலேயே பொருந்திப்போயிருந்தது. அவருக்கு மறு அறுவை செய்ய வேண்டிவந்தது. அந்தப் பழைய படங்களை நான் பலமுறை திறந்து பார்த்திருக்கிறேன். இன்று பார்த்தாலும் அவற்றில் பிழை தெரியவில்லை.

முதல் பத்து நாட்கள்

எக்ஸ்-ரேயில் ஃபிபுலா, மூட்டுக்கு ஏறத்தாழ 7 செ.மீ. மேலே சுருளாக முறிந்திருந்தது. உள்கணு எலும்பு முறியவில்லை. ஆனால் அதற்கும் டேலஸுக்கும் நடுவிலான இடைவெளி 7 மி.மீ. இருந்தது. வழக்கமாக 4 மி.மீ.க்குள் இருக்க வேண்டியது. உள்பக்கப் பிணைநார் அறுந்திருக்கிறது, டிபியாவையும் ஃபிபுலாவையும் சேர்த்துக் கட்டும் சிண்டெஸ்மோசிஸும் விட்டுப்போயிருக்கிறது என்று முடிவு செய்தோம். டேலஸ் 1 மி.மீ. வெளியே நகர்ந்தாலே மூட்டின் தொடுபரப்பு 42 சதவீதம் குறையும் என்று ராம்சேயும் ஹாமில்டனும் 1976-இல் பிணக்கால்களில் காட்டினார்கள். எலும்பு மருத்துவம் படிப்பவர்கள் எல்லோருக்கும் மனப்பாடமான எண் அது.

அன்றே மூட்டை இழுத்துச் சரிசெய்து, பின்பக்கம் மட்டும் மாவுக்கட்டு (ஸ்லாப்) போட்டுக் காலை உயர்த்தி வைத்தோம். மறுநாள் வெளியே ஒரு ஸ்கேன் சென்டரில் சி.டி. எடுத்தோம். "வலது கணுக்கால்" என்று எழுதிக்கொடுத்தேன், வலதுக்கு மட்டும் படம் வந்தது. இது முதல் தவறு. அதன் விலை பிறகு தெரிந்தது.

சி.டி. அறிக்கையின் கடைசி வரியில், டிபியாவின் பின்விளிம்பிலிருந்து ஒரு சிறு எலும்புத் துணுக்கு பெயர்ந்திருப்பதாக இருந்தது. துவரம்பருப்பு அளவுதான். ஸ்க்ரூ போட்டுப் பிடிக்கும் அளவு இல்லை என்று பேசிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டோம். அதன் அளவைப் பார்த்தோம். அது எங்கே கிடக்கிறது என்று பார்க்கவில்லை. இது இரண்டாவது தவறு.

வீக்கம் வடிந்து தோலில் சுருக்கம் விழ பத்தாம் நாள் ஆனது.

சி-ஆர்ம் மட்டும் போதாது என்று ஏன் நினைத்தோம்

சி-ஆர்ம் தருவது நிழல். நேராகவும், பாதத்தைச் சற்று உள்ளே திருப்பியும் எடுத்தால் ஃபிபுலா வெளிப்பக்கம் விலகியிருப்பது தெரிந்துவிடும். ஆனால் அது முன்னாலோ பின்னாலோ இரண்டு மூன்று மி.மீ. நகர்ந்திருந்தாலும், தன் அச்சிலேயே திரும்பியிருந்தாலும் நிழல் பெரும்பாலும் மாறாது. டிபியாவின் பக்கவாட்டில் ஒரு ஆழமில்லாத பள்ளம் உண்டு. ஃபிபுலா அதில்தான் உட்காருகிறது. அந்தப் பள்ளத்தை மேலிருந்து கீழ்நோக்கி, வாழைத்தண்டைக் குறுக்கே அரிந்த மாதிரி, ஒரு வெட்டுப் படமாகப் பார்த்தால்தான் பொருத்தம் சரியா இல்லையா என்று சொல்ல முடியும்.

2006-இல் கார்ட்னரும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், சிண்டெஸ்மோசிஸ் பொருத்தப்பட்ட 25 பேருக்கு அறுவைக்குப் பின் சி.டி. எடுத்ததில் 13 பேருக்குப் பொருத்தம் பிசகியிருந்தது. எக்ஸ்-ரே அளவுகளை வைத்துப் பார்த்தபோது பிசகு தெரிந்தது 6 பேருக்குத்தான். ஜெர்மனியின் லுட்விக்ஸ்ஹாஃபன் விபத்து மருத்துவமனைக் குழு 2012-இல் வெளியிட்டது இன்னும் நேரடியானது. சிண்டெஸ்மோசிஸ் பொருத்திய 251 பேருக்கு, தியேட்டரை விட்டு வெளியே வருவதற்கு முன்பே முப்பரிமாணப் படம் எடுத்தார்கள். 82 பேருக்கு அந்தப் படத்தைப் பார்த்து அங்கேயே எதையாவது திருத்தினார்கள். மூன்றில் ஒருவர். இவ்வகை அறுவைகளில் நிறைய அனுபவம் உள்ள இடத்திலேயே இந்தக் கணக்கு என்றால், எங்கள் கணக்கு என்னவாக இருக்கும் என்று யோசிக்கவே கூச்சமாக இருந்தது.

கருவியைப் பற்றி

பல் மருத்துவர் "ஸ்கேன் எடுத்துட்டு வாங்க" என்று அனுப்பும் சென்டரில், தாடையை வைத்தவுடன் தலையைச் சுற்றி ஒரு கை சுழலுமே, அதுவும் இதே கோன் பீம் சி.டி.தான். வழக்கமான சி.டி.யில் கதிர் விசிறி போல மெல்லிய பட்டையாக வரும், குழாய் பலமுறை சுற்றும், மேசை நகர்ந்துகொண்டே இருக்கும். கோன் பீமில் கதிர் கூம்பாக விரிந்து எதிரே உள்ள தட்டையான உணரியில் மொத்தமாக விழும். மேசை நகராது. ஒரே சுழற்சியில் நூற்றுக்கணக்கான நிழல் படங்கள் எடுக்கப்பட்டு, கணக்குப் போட்டு ஒரு கனசதுரமாகச் சேர்க்கப்படும். அந்தக் கணக்குக்கு அடிப்படையான வழியை 1984-இல் தந்த ஃபெல்ட்காம்ப், டேவிஸ், கிரெஸ் மூவரும் ஃபோர்டு கார் கம்பெனியின் ஆய்வுப் பிரிவில் வேலை பார்த்தவர்கள். உடைந்த கணுக்கால் அவர்கள் நினைவில் இருந்திருக்காது.

எங்களிடம் இருப்பது சுழலும் வகை முப்பரிமாண சி-ஆர்ம். முதுகெலும்புப் பிரிவுக்காக வாங்கியது. ஸ்க்ரூ எலும்புக்குள் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அவர்கள் தினமும் பயன்படுத்துவார்கள். கை அரைவட்டத்துக்குச் சற்று அதிகமாகச் சுழல அரை நிமிடம் ஆகும். இந்தச் சுழற்சியைத்தான் ஸ்பின் என்கிறோம். ஏறத்தாழ 16 செ.மீ. பக்கமுள்ள கனசதுரம் கிடைக்கும். ஒரு கணுக்காலுக்குத் தாராளம். இரண்டு கணுக்கால் அதற்குள் அடங்காது.

அதன் குறைகளையும் சொல்ல வேண்டும். பிணைநார்கள் இதில் சரியாகத் தெரியாது. சிதறல் கதிர் அதிகம் என்பதால் எலும்பின் அடர்த்தி எண்ணை நம்பக்கூடாது. நோயாளி அசைந்தால் படம் பாழ். உலோகம் பக்கத்தில் இருந்தால் கோடுகோடாக மறைக்கும்.

அறுவை: முதல் ஸ்பின் வரை

பத்தாம் நாள் பிற்பகல், முதுகுத்தண்டு மயக்க மருந்தில் அறுவை. காலையில் கருவி முதுகெலும்புப் பிரிவிடம் இருந்தது. அவர்கள் முடிக்கும்வரை காத்திருந்து வாங்கினோம்.

ஃபிபுலாவின் நீளத்தையும் திருகலையும் சரிசெய்து வெளிப்பக்கம் பிளேட் போட்டோம். பிறகு ஃபிபுலாவைக் கொக்கியால் இழுத்துப் பார்த்தபோது சி-ஆர்மில் இடைவெளி வாய் பிளந்தது. சிண்டெஸ்மோசிஸ் நிலையில்லை என்பது உறுதியானது. கிளாம்பால் (எலும்புகளைச் சேர்த்துப் பிடிக்கும் இடுக்கி) பிடித்து, இரண்டு கே-வயர்களை (தற்காலிகமாகப் பிடித்துவைக்கும் மெல்லிய உலோகக் கம்பிகள்) குறுக்கே செலுத்தினோம். நேர்ப்படம், திருப்பிய படம், பக்கவாட்டுப் படம் மூன்றிலும் அளவுகள் நன்றாக இருந்தன. உள்கணுப் பக்க இடைவெளி 3 மி.மீ.க்கு வந்துவிட்டது.

"சார், ஸ்க்ரூ போட்டுடலாமா?" என்று கேட்டார் உதவிக்கு நின்ற மாணவர். நியாயமான கேள்விதான். காலுக்கு ரத்தம் போகாமல் இறுக்கிவைக்கும் டூர்னிகே பட்டையை ஏற்றி ஐம்பது நிமிடம் ஆகியிருந்தது. பழைய நோயாளி நினைவில் இல்லாவிட்டால் நானே சரி என்றிருப்பேன்.

ஸ்க்ரூவுக்கு முன்பே ஸ்பின் எடுப்பது என்று முடிவு செய்தோம். ஸ்க்ரூ போட்டபின் பிசகு தெரிந்தால் அதைக் கழற்றி, பழைய துளையின் பக்கத்திலேயே புதுத் துளை போட வேண்டும். துரப்பணம் பழைய துளைக்குள் வழுக்கி ஃபிபுலாவையும் பழைய இடத்துக்கே இழுத்துப்போகும். கே-வயர் என்றால் உருவிவிட்டு மறுபடி தொடங்கலாம். கிளாம்பையும் ஸ்பின்னுக்கு முன் எடுத்துவிட்டோம். அது கருவியின் கை சுழலும் பாதையில் நீட்டிக்கொண்டிருந்தது, படத்திலும் கோடு விழும். பிளேட்டின் கீழ்முனை நாங்கள் பார்க்க வேண்டிய மட்டத்துக்கு மேலேயே முடிந்துவிட்டது எங்கள் அதிர்ஷ்டம்.

இங்கேதான் நேரம் போனது. மேசையின் பக்கவாட்டில் கருவிகள் மாட்டும் எஃகுக் கம்பி ஒன்று உண்டு. கையை மெதுவாகச் சுழற்றி ஒத்திகை பார்த்தபோது அது கம்பியில் இடித்தது. முதுகெலும்புப் பிரிவு தனக்கென கார்பன் மேசை வைத்திருக்கிறது. நாங்கள் எங்கள் வழக்கமான மேசையிலேயே நோயாளியைப் படுக்க வைத்திருந்தோம். ஸ்டெரைல் துணி கலையாமல் அவரைக் கீழ்நோக்கி இழுத்து, காலை மேசை விளிம்புக்கு வெளியே கொண்டுவந்து, குதிகாலுக்கு அடியில் கதிர் ஊடுருவும் பலகை ஒன்றைச் செருகி, மீண்டும் ஒத்திகை பார்த்தோம். 22 நிமிடம் ஆனது. ஒரு கட்டத்தில் ரேடியோகிராபர் தரையில் உட்கார்ந்து, கையின் கீழ்முனை எங்கே வருகிறது என்று கண்ணால் அளந்துகொண்டிருந்தார்.

ஸ்பின்னின்போது எல்லோரும் ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் போய்விட்டோம். மயக்க மருத்துவர் மானிட்டர் தெரியும்படி கதவருகே நின்றார். வழக்கமான சி-ஆர்ம் படங்களுக்கு நாங்கள் ஏப்ரனோடு பக்கத்திலேயே நிற்கிறோம். அந்தக் கணக்கில் ஸ்பின் எங்களுக்குக் கதிரைக் குறைக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். நோயாளிக்கும், கணுக்காலில் கதிரால் எளிதில் பாதிக்கப்படும் உறுப்புகள் இல்லாததால், உடல் முழுமைக்குமான பாதிப்புக் கணக்கு மிகச் சிறியது.

படம் காட்டியது

மூட்டுக்கு 1 செ.மீ. மேலே உள்ள குறுக்குவெட்டைத் திறந்தோம். ஃபிபுலாவுக்கும் பள்ளத்தின் முன்விளிம்புக்கும் நடுவே 2 மி.மீ., பின்விளிம்புக்கு 7 மி.மீ. ஃபிபுலா முன்பக்கம் ஒதுங்கி நின்றது. பள்ளத்தின் பின்பாதியில், ஃபிபுலா உட்கார வேண்டிய இடத்தில், அந்தத் துவரம்பருப்புத் துணுக்கு கிடந்தது.

யாரும் ஒன்றும் பேசவில்லை. திரைக்குப் பக்கத்தில் பழைய சி.டி.யும் திறந்திருந்தது. அதிலும் துணுக்கு கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் இருந்தது. ஆறு நாள் எங்கள் கையில் இருந்த படம் அது.

அடுத்து ஒரு சந்தேகம் வந்தது. முன்னே 2, பின்னே 7 என்பது இவருக்கு இயல்பாகவே இருந்தால்? பள்ளத்தின் வடிவம் ஆளுக்கு ஆள் மாறும். நல்ல கால்களிலேயே முன்பின் அளவு சமமாக இருப்பதில்லை. ஒருவரின் இரண்டு கால்கள் மட்டும் பெரும்பாலும் ஒத்திருக்கும். இடது காலின் சி.டி. இருந்திருந்தால் ஒரு நொடியில் முடிந்திருக்கும். இல்லாததால் இடது காலைத் துணிக்கு மேலாகவே நிறுத்தி இன்னொரு ஸ்பின் எடுத்தோம். முன்னே 3, பின்னே 4. வலது பிசகியிருக்கிறது என்பதில் இனி பேச்சுக்கு இடமில்லை. ஆறு நிமிடம்தான் ஆனது. ஆனால் தேவையே இல்லாத ஆறு நிமிடம்.

படங்களைப் பார்த்துப் பேசும் நேரத்தில் டூர்னிகேவை இறக்கி, காலுக்கு ரத்தம் ஓட விட்டோம்.

மேசையிலேயே எடுத்த முடிவு

இரண்டு வழிகள் இருந்தன. கிளாம்பை வேறு கோணத்தில் வைத்து ஃபிபுலாவைப் பின்னே தள்ளிப் பார்க்கலாம். கிளாம்ப் சாய்வாக இருந்தால் ஃபிபுலாவை முன்னோ பின்னோ இழுத்துவிடும் என்பது தெரிந்ததே. நாங்கள் வைத்த கோணமும் கச்சிதம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் துணுக்கு உள்ளே இருக்கும்வரை எந்தக் கோணமும் உதவாது, வலுவாக அழுத்தினால் ஃபிபுலா திரும்பிக்கொள்ளும் என்று மூத்த சகா சொன்னார். துணுக்கை எடுத்தே ஆக வேண்டும்.

இருந்த வெட்டைக் கீழே 3 செ.மீ. நீட்டி, ஃபிபுலாவுக்குப் பின்னால் ஓடும் பெரோனியல் தசைநாண்களை ஒதுக்கி, பின்பக்கமாக உள்ளே போனோம். கொப்புளம் வந்த கால், பத்து நாள் வீக்கம், மறுபடி வெட்டு. தயக்கம் இல்லாமல் இல்லை. துணுக்கு ஒரு நார்ச் சவ்வில் தொங்கிக்கொண்டு பள்ளத்துக்குள் மடிந்திருந்தது. திரும்பப் பொருத்த முடியாத அளவு சிறியது, எடுத்துவிட்டோம்.

இந்த முறை கிளாம்பை நம்பித் தொடங்கவில்லை. முன்பக்கம் ஒரு சிறு திறப்பு வைத்து, பள்ளத்தின் முன்விளிம்பை விரலால் தடவிக்கொண்டே ஃபிபுலாவைக் கட்டைவிரலால் உள்ளே அழுத்தினோம். படி ஒன்றும் தட்டாமல் விரல் வழுக்கிச் சென்ற இடத்தில் கே-வயர் போட்டோம். மூன்றாவது ஸ்பின்: முன்னே 3, பின்னே 4.5.

3.5 மி.மீ. ஸ்க்ரூ ஒன்றை மூட்டுக்கு 2 செ.மீ. மேலே போட்டு முடித்தோம். ஸ்க்ரூவுக்குப் பதிலாக நூலால் இரு எலும்புகளையும் சேர்த்துக் கட்டும் நூல்-பொத்தான் முறை கொஞ்சம் அசைவு தரும், பின்னால் எடுக்கவும் தேவையில்லை. இவரைப் போன்றவருக்கு அதுவே பொருத்தம் என்று குழுவில் ஒருவர் வாதிட்டார். விலை நோயாளிக்குக் கட்டுப்படியாகவில்லை. ஸ்க்ரூ போட்டபின் நான்காவது ஸ்பின் எடுக்கவில்லை. வயர்கள் பிடித்துக்கொண்டிருந்தன, வழக்கமான இரு சி-ஆர்ம் படங்கள் போதும் என்று நினைத்தோம். இதைக் குறையாகச் சொல்பவர்களோடு நான் சண்டைக்குப் போக மாட்டேன்.

பிறகு

மூன்றாம் வாரம் வெட்டின் நீட்டிய பகுதியில் விளிம்பு ஒரு செ.மீ. விட்டுப்போனது. கிருமித்தொற்று இல்லை. பன்னிரண்டு நாள் டிரெஸ்ஸிங்கில் ஆறியது. பிசகைத் திருத்தியதற்குக் கொடுத்த விலை என்றுதான் அதை எழுத வேண்டும்.

ஆறு வாரம் காலை ஊன்றவில்லை. நான்காம் மாதம் மரத்துப்போகும் ஊசி போட்டு ஸ்க்ரூவை எடுத்தோம். நடக்கத் தொந்தரவு இல்லை என்றால் எடுக்காமலும் விடலாம். பாதத்தை ஆழமாக மடக்கும் தொழில் என்பதால் எடுப்பது என்று முடிவு செய்தோம். ஏழாம் மாதம் குட்டை ரக மரங்களில் ஏறத் தொடங்கினார். சொல்லிவிட்டு ஏறவில்லை, ஏறிய பிறகுதான் சொன்னார்.

ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது வலது பாதம் இடதைவிட 5 டிகிரி குறைவாக மேலே மடங்கியது. எக்ஸ்-ரேயில் மூட்டு தேயும் அறிகுறி இல்லை, ஆனால் அதைத் தீர்மானிக்க ஒரு வருடம் போதாது. வலி இல்லாமல் வேலை செய்கிறார். முன்பு ஒரு நாளைக்கு நாற்பது மரம் ஏறியவர் இப்போது இருபத்தைந்தோடு நிறுத்திக்கொள்கிறார். மரக்கணக்கில் கூலி என்பதால் வருமானமும் அந்த அளவுக்குக் குறைந்திருக்கிறது. "காலு தாங்குதுங்க, பொழுதுக்கும் ஏறுனா சாயங்காலம் வீங்குது" என்றார்.

மாற்றியவை

முதலில் மாறியது சி.டி. கேட்கும் சீட்டு. கணுக்கால் முறிவு என்றால் "இரண்டு கணுக்காலும்" என்று எழுதுகிறோம். இரண்டு காலையும் சேர்த்து வைத்து ஒரே முறையில் எடுத்துவிடலாம். சில சென்டர்கள் இரண்டு படத்துக்கான கட்டணம் கேட்கின்றன, அதை நாங்களே தொலைபேசியில் பேசித் தீர்க்க வேண்டியிருக்கிறது.

பள்ளத்தின் பக்கத்தில் துணுக்கு இருந்தால், அதன் அளவு எதுவானாலும், அறுவைக்கு முந்தைய நாள் கூட்டத்தில் அதன் இடத்தை ஒருவர் திரையில் காட்டியாக வேண்டும். அப்படிச் செய்திருந்தால் இவரைத் தொடக்கத்திலேயே பின்பக்கம் எட்டும்படி சாய்த்துப் படுக்க வைத்து, ஒரே வெட்டில் துணுக்கை எடுத்துவிட்டு பிளேட்டுக்குப் போயிருப்போம். ஸ்பின் பிழையைக் கண்டுபிடித்தது உண்மை. ஆனால் அந்தப் பிழை ஆறு நாள் முன்பே சாதாரண சி.டி.யில் எங்கள் கண்முன் இருந்தது.

எல்லாக் கணுக்கால் முறிவுக்கும் ஸ்பின் எடுப்பதில்லை. சிண்டெஸ்மோசிஸ் விட்டுப்போனவை, பின்விளிம்பு முறிந்தவை, குதிகால் மூட்டுக்குள் ஸ்க்ரூ போகக்கூடியவை ஆகியவற்றுக்கு மட்டும் முன்கூட்டியே கருவியைப் பதிவு செய்கிறோம். நோயாளியைப் படுக்க வைத்தவுடன், துணி போர்த்துவதற்கு முன்பே, கையை ஒருமுறை முழுதாகச் சுழற்றி இடிக்கிறதா என்று பார்க்கிறோம். இப்போது அதற்கு நான்கு நிமிடம் ஆகிறது. பழைய மேசையின் எஃகுக் கம்பியில், கை இடித்த இடத்தில், ரேடியோகிராபர் சிவப்பு டேப் ஒட்டி வைத்திருக்கிறார்.